அம்மாவின் பெயரில் ஒரு ரசீது

ராத்திரி 11 மணிக்கு அம்மாவின் காற்று மெத்தை சப்பென்று இறங்கிவிட்டது. இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கும் அம்மாவுக்காக, நாகர்கோவிலில் ஒரு கடையில் முன்பணம் கட்டி வாடகைக்கு எடுத்த மெத்தை. போன் செய்தால், "நாளைக்கு ஆள் அனுப்புறோம்." மறுநாளும் அதே நாளைக்கு. நான் இருக்கும் இங்கிலாந்தின் லெஸ்டரில் இப்படி ஒரு மெத்தை வேண்டுமென்றால் நர்ஸ் எழுதிக் கொடுப்பார், வீட்டுக்கே வந்துவிடும், தேவை முடிந்ததும் அவர்களே எடுத்துப் போவார்கள். காசு கேட்க மாட்டார்கள். நம்ம ஊரில் மட்டும் ஏன் இப்படி என்று புலம்பிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டு சித்தி, "அந்தத் தொண்டு நிறுவனப் பிள்ளையக் கூப்பிடு" என்றார்.

ஒரு மணி நேரத்தில் அந்தப் பெண் ஸ்கூட்டரில் வந்து நின்றார். முன்னால் மடித்த தண்ணீர் மெத்தை, பின்னால் ஒரு குழாய். "பம்ப் வேண்டாம் அண்ணே, கரண்ட் போனாலும் கவலையில்ல" என்று சொல்லிக்கொண்டே தண்ணீரை நிரப்பி, உள்ளே இருந்த காற்றைக் கையால் தள்ளி வெளியேற்றினார்.

அப்புறம் அம்மாவின் வால் எலும்புப் பக்கம் சிவந்திருந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தச் சொன்னார். அழுத்தி எடுத்தால் தோல் ஒரு நொடி வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அம்மாவுக்கு வெளுத்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எந்த மெத்தை போட்டாலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், முட்டிகளுக்கு நடுவே தலையணை, குதிகால் மெத்தையில் படக்கூடாது. என் கையாலேயே மூன்று முறை செய்ய வைத்தார். டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒருவரும் இதைச் சொல்லித் தரவில்லை.

கட்டன் சாயா குடிக்கும்போதுதான் பேச்சுக் கொடுத்தேன். சொந்த ஊர் குளச்சல் பக்கம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது கல்லூரி மாணவி. முகாமில் சோறு பரிமாறப் போனவர், அங்கிருந்த வயதானவர்களை விட்டு வர மனமில்லாமல் இந்த வேலையிலேயே தங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் யாருக்கும் கிடையாது, தேரூர் குளத்துக்குப் பறவை பார்க்கப் போய்விடுவார். சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகள் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்ததைத் தன் வீட்டு விசேஷம்போலச் சொன்னார். பையில் இரண்டு நோட்டு. ஒன்றில் கூழைக்கடா எண்ணிக்கை, மற்றதில் எந்த மெத்தை எந்த வீட்டில் என்ற கணக்கு. எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்கு முன் ஏழு வீடு பார்த்த மெத்தை.

நெகிழ்ந்துபோய் 20,000 ரூபாயை நீட்டினேன். "பாஸ்போர்ட் எந்த நாட்டோடது அண்ணே?" என்று கேட்டார். பிரிட்டிஷ் என்றேன். கையை எடுத்துவிட்டார்.

வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2010இன்படி, வெளிநாட்டுக் குடிமகன் கொடுப்பது ரூபாய் நோட்டாக இருந்தாலும் வெளிநாட்டுப் பணம்தான். அவர்களுடைய சின்ன நிறுவனத்துக்கு அதை வாங்குவதற்கான பதிவு கிடையாது. வளைகுடாவில் இருந்தாலும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து கொடுக்கலாம், நான் கொடுக்கக் கூடாது. லெஸ்டரில் தொண்டு நிறுவனத்துக்கு ஒரு பவுண்டு கொடுத்தால், வரி கட்டுகிறவன் என்று ஒரு படிவத்தில் எழுதினால் போதும், அரசாங்கமே 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கிறது. பிறந்த ஊரில், என் அம்மாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டவருக்கு என்னால் பத்து ரூபாய் கொடுக்க முடியவில்லை. எனக்குக் கோபம் வந்தது, கண்ணும் கலங்கியது. யாரும் பார்க்கவில்லை, வாங்கிப் போட்டிருக்கலாம். அவர் வாங்கவில்லை. அந்த மரியாதை இன்னும் எனக்குள் இருக்கிறது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "மக்களே, நான் இந்தியாக்காரிதானே?" என்றார். ஓய்வுபெற்ற டீச்சர். தலையணைக்கு அடியிலிருந்து தன் பென்ஷன் பணத்தில் 2,000 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண் சிரித்தபடி ரசீது புத்தகத்தைத் திறந்து அம்மாவின் பெயரை எழுதினார். எழுதிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு மணி நேரம் ஆச்சு அண்ணே. அம்மாவ இடப்பக்கம் திருப்பணும், பிடிங்க."