கீல் பொன், கீழ்ப்பட்டி விசர்: முழங்கால் பிரேஸோடு சில பனிக்காலம்

"சித்தப்பா, நீங்கள் பனியில் ஸ்கீ சறுக்கப் போடுகிற அந்த முழங்கால் பிரேஸ் இப்ப விலை இறங்கியிருக்கு, வாங்கட்டோ?" என்று பெறாமகன் சுவிஸ் பேர்னிலிருந்து கேட்டிருந்தான். எனக்கு மாதிரியே அவனுக்கும் முழங்காலுக்குள் இருக்கிற ஏசிஎல் என்ற தசைநார் அறுந்து, தொடையின் பின்பக்கத் தசைநாணை எடுத்து வைத்துத் தைத்தாயிற்று. தை மாதம் வந்தால் ஒபரேஷன் முடிந்து பத்து மாதம். வட்ஸ்அப்பில் பதில் எழுதத் தொடங்கி அது நீண்டுகொண்டே போனதால் எல்லோருக்குமாக இங்கே போடுகிறேன். கொம்பனிப் பெயர் வேண்டாம். கார்பன் சட்டம், இரண்டு பக்கமும் கீல், நாலு பட்டி என்று இந்த வகையில் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். போட்டவருக்குத் தெரியும்.

நல்லதை முதலே சொல்லிவிடுகிறேன், கோபம் ஏறினால் மறந்துபோகும். கீல் அருமை. கால் முழுதாக நிமிர்வதற்குப் பத்துப் பாகை இருக்கும்போதே நிற்கிற மாதிரி உள்ளே ஒரு சின்ன ஆப்பு வைக்கலாம். அந்த ஆப்பு வைத்த நாளிலிருந்து, மேடு தட்டிக் கால் வெடுக்கென்று நீளும்போது நெஞ்சு திக்கென்பது நின்றுவிட்டது. உப்புக்கும் ஈரத்துக்கும் அது துருப்பிடிக்கவில்லை, கிறீச்சிடவும் இல்லை.

நான் எதிர்பார்க்காத சுகம் கிடைத்தது, மலைக்கு ஏற்றிவிடுகிற கதிரை லிஃப்டில். கால் வைக்கக் கம்பியில்லாத பழைய லிஃப்டில் ஏறினால் சப்பாத்தும் ஸ்கீயும் சேர்ந்து ஒரு காலில் ஐந்து கிலோவளவில் தொங்கும். ஒபரேஷன் செய்த முழங்காலுக்கு அந்தத் தொங்கல், கீழே ஓடி வருவதைவிட வேதனை. முதல் பருவத்தில் மற்றக் காலின் ஸ்கீயை இதற்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டுதான் மேலே போவேன். பிரேஸோடு அது தேவைப்படவில்லை. சட்டம் பாரத்தில் கொஞ்சத்தைத் தொடைக்கு ஏற்றிவிடுகிறது என்று நினைக்கிறேன். இதை ஒரு விளம்பரத்திலும் நான் காணவில்லை.

இனி கீழ்ப்பட்டி.

நாலு பட்டியில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கெண்டைச் சதை பருக்கத் தொடங்குகிற இடத்துக்கு மேலே கட்டுவதுதான் பிரேஸை விழாமல் தாங்குவது. அதை முதலில் இறுக்கிவிட்டுத்தான் மற்றவை. அதற்கும் கீழே, கணைக்கால் சட்டத்தின் நுனியில் இன்னொன்று இருக்கிறது. என் சண்டை அதோடுதான். நடக்கிறபோது ஒரு கரைச்சலும் தராது. சைக்கிளிலும் அப்படித்தான். ஸ்கீச் சப்பாத்தைப் போட்டதும் தொடங்கும். சப்பாத்தின் மேல் விளிம்பு ஏறி வந்து நிற்கிற இடமும் சட்டத்தின் நுனி இறங்கி வந்து நிற்கிற இடமும் ஒன்றேதான். ஒவ்வொரு திருப்பத்துக்கும் கணைக்காலைச் சப்பாத்தின் நாக்கில் அழுத்தவேண்டும், அழுத்தாமல் ஸ்கீ ஓட முடியாது. அழுத்தினால் சப்பாத்து சட்டத்தை மேலே தள்ளும். நிமிர்ந்தால் சட்டம் திரும்ப இறங்கும். காலை முழுக்க இப்படி ஏறி இறங்கி வெல்க்ரோ தளர, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே பிரேஸ், கட்டத் தெரியாதவன் கட்டின சாரம் மாதிரி இறங்கியிருக்கும். கீலின் நடு முழங்கால் சில்லுக்கு இரண்டு விரல் கீழே. அதற்குப் பிறகு கால் ஓரிடத்தில் மடங்கும், பிரேஸ் வேறிடத்தில் மடங்கும். மூட்டின் அச்சில் நிற்காத கீலால் என்ன பிரயோசனம்?

திரும்ப இழுத்துக் கட்டுவது லேசான வேலை இல்லை. பிரேஸ் தோலில், அதற்கு மேல் உள்களிசான், அதற்கு மேல் ஸ்கீக் களிசான். மலை உணவகத்துக் கழிப்பறையில், பனி உருகி ஈரமான தரையில், சப்பாத்தோடு ஒற்றைக் காலில் நின்று மூன்றையும் உரித்துப் பாருங்கள். வெளியே வரிசை. ஒருவர் கதவைத் தட்டி "எல்லாம் சரியா?" என்று விசாரிக்கிறார், நல்ல மனுசன். விற்றவரிடம் போய்ச் சொன்னேன். "இன்னும் இறுக்கிக் கட்டுங்கோ" என்றார். இறுக்கினால் பாதம் விறைக்கிறது. பனித்தூள் ஏறின வெல்க்ரோவுக்கு எந்த இறுக்கமும் ஒன்றுதான், அது பிடிக்காது. இந்த ஐப்பசியில் பட்டிகளை மாற்றினேன். நாலு துண்டு நாடாவுக்கு 74 பிராங். இந்தப் பதிவு எழுதும்போது கொஞ்சம் சூடாக இருப்பதற்கு அந்தப் பில்லும் காரணம்.

தொடைப் பக்கம் இன்னொரு கதை. ஏசிஎல் ஒபரேஷனுக்குப் பிறகு முன்தொடைத் தசை கரைந்து போகும், இது எல்லோருக்கும் தெரிந்தது. அந்த மெலிந்த காலில்தான் அளவெடுக்கிறார்கள். பிறகு பிசியோவில் நாய்பாடு பட்டுத் தசையைத் திரும்பக் கொண்டுவந்தால் பிரேஸ் தொடையை நெரிக்கிறது. உள்மெத்தையைச் சீவித் தந்தார்கள், இப்போது பரவாயில்லை. அளவைப் பிந்தி எடுக்கலாம் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. 1,400 பிராங்கும் என் பையிலிருந்துதான். ஒபரேஷன் முடிந்த கையோடு தந்த சாதாரண பிரேஸுக்குக் காசு கட்டிய விபத்துக் காப்புறுதி, இது விளையாட்டுக்கானது என்று கைவிரித்துவிட்டது.

பெறாமகன் அமெரிக்க ஸ்கீ வீராங்கனை லிண்ட்சி வொன்னின் படம் அனுப்பியிருந்தான். 2019இல் சுவீடன் ஓரேயில் உலக சாம்பியன்ஷிப், அப்போது கடைசி என்று சொன்ன ஓட்டம், இரண்டு முழங்காலிலும் பிரேஸ், வெண்கலம். படம் நல்லாத்தான் இருக்கிறது. அதைவிட எனக்கு 2006இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு கனமாகப் படுகிறது. ஏசிஎல் தைத்த பிறகும் ஸ்கீ மையங்களில் வேலை செய்த 820 பேரைப் பின்தொடர்ந்தார்கள். பிரேஸ் போடாதவர்களுக்கு முழங்கால் திரும்ப அடிபடும் வாய்ப்பு 2.74 மடங்கு. சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆட்கள் இல்லை. கவனமான ஆட்களே பிரேஸும் போட்டிருக்கலாம். ஆனாலும் கீழ்ப்பட்டியைத் திட்டிக்கொண்டே நான் அதைக் கட்டுவதற்கு அந்த எண்தான் காரணம்.

ஆனால் தம்பி, பிரேஸ் எதைத் தடுக்காது என்பதையும் கேள். நான் அடிபட்டது ஃப்ளும்சர்பெர்க் ஸ்கீ மலையில், கறுப்பு ஓட்டம் என்கிற ஆகக் கடினமான சரிவில் இல்லை, லிஃப்ட் வரிசைக்குக் கிட்டத் தட்டையில், நடக்கிற வேகத்தில். பின்னால் சாய்ந்தேன், இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கியது, மேட்டுப் பக்கக் கை பின்னுக்குப் போனது, பாரம் முழுக்கப் பள்ளத்துப் பக்க ஸ்கீயின் வால் உள்விளிம்பில். அந்த வால் நெம்புகோலாகி முழங்காலைத் திருகியது. "டொக்." சப்பாத்தை ஸ்கீயோடு பூட்டுகிற பைண்டிங் திறக்கவே இல்லை. அது விரல் பக்கம் முறுக்குக்கும் குதி பக்கம் மேலிழுப்புக்கும் திறக்கிற சாமான், முதலில் கணைக்கால் எலும்பைக் காக்க வந்தது. எலும்பு முறிவு அதனால் நன்றாகக் குறைந்தது. ஏசிஎல்லுக்கு அந்த அளவு உதவி கிடைக்கவில்லை. அமெரிக்காவின் வெர்மோண்டில் எட்லிங்கர், ஜோன்சன், ஷீலி என்ற ஆய்வாளர்கள் மூவரும் இந்த விழுகையை வீடியோ வீடியோவாகப் பார்த்துப் பிரித்து, ஸ்கீ மைய ஊழியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கை முன்னால், கால்கள் சேர்ந்து, விழத் தொடங்கினால் எழும்பப் பாராதே, நிற்கும்வரை சறுக்கிப் போ. 1995இல் அவர்கள் வெளியிட்ட கணக்கில், பயிற்சி பெற்றவர்களிடையே கடும் முழங்கால் காயம் 62 சதவீதம் குறைந்திருந்தது. இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

காசு செலவழித்தே தீரவேண்டும் என்றால் முதலில் பைண்டிங். கடையில் கொடுத்து அளந்து, சோதித்ததற்கு அடையாளமான பிஎஃப்யூ (சுவிஸ் விபத்துத் தடுப்பு நிலையம்) ஸ்டிக்கரும் வாங்கு. நிறை, உயரம், வயது, சப்பாத்தின் அடி நீளம், எப்படி ஓடுகிறாய் என்பது, எல்லாம் வைத்துத்தான் பைண்டிங் எவ்வளவு விசைக்குத் திறக்கவேண்டும் என்ற எண் வரும். 50 தாண்டினால் அட்டவணையில் ஒரு வரி தளர்த்துவார்கள், எனக்குத் தளர்த்திவிட்டார்கள், ரோசப்படாமல் வாங்கி வந்தேன். பிறகு பிசியோ. ஒற்றைக்கால் தாவலிலும் தொடைப் பலத்திலும் அடிபட்ட கால் மற்றதில் 90 சதவீதமாவது வரட்டும். 2016இல் வந்த டெலவெயர்-ஒஸ்லோ ஆய்வில், விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம்வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் மறுகாயத்தை 51 சதவீதம் குறைத்தது. உனக்குப் பத்து மாதம் என்பது மட்டும் போதாது. தொடை என்ன சொல்கிறது என்று பார்.

முடிவு கேட்டாய். வாங்காதே. விலை இறங்கினாலும் வாங்காதே. ஸ்கீச் சப்பாத்துக்குள் ஒரு நாளும் கால் விடாதவர்கள் வரைந்த சாமானுக்கு ஆயிரம் பிராங் கொடுக்க எனக்கு மனம் வராது. இந்தச் சனிக்கிழமை ஸ்கீ ஓட லென்சர்ஹைடேக்குப் போகிறேன், பிரேஸ் பையில் இருக்கிறது, அது வேறு.

சொல்லியும் கேட்காமல் வாங்கப் போனால், அளவெடுக்கப் போகும்போது உன் ஸ்கீச் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு போ. கடைக்காரருக்கு முன்னாலேயே போட்டு, கொக்கியெல்லாம் பூட்டி, கால் மணித்தியாலம் முழங்காலை மடக்கி மடக்கி நில். சட்டம் சப்பாத்தில் முட்டினால் எழும்பி வந்துவிடு. முட்டாவிட்டாலும், பிறகு தேவைப்பட்டால் நுனியைச் சீவித் தருவார்களா என்று முதலே கேட்டு எழுதி வாங்கு. இடுப்புவரை பக்கச் சிப் திறக்கிற களிசான் ஒன்றும் எடு, கழிப்பறை வரிசையில் நிற்கத் தேவையில்லை. என்னுடையதை இரவல் கேட்காதே. அது என் காலின் அச்சு, உனக்குப் பொருந்தாது, பொருந்தினாலும் தரமாட்டேன்.