டெபியன் ரெப்போவுக்கு சோர்சஸ் இண்டெக்ஸ் போடுறது: ரொம்ப நாள் ஓட்டிப் பாத்துட்டு சொல்றேன்

எங்க ஆபீஸ்ல சொந்தமா ஒரு டெபியன் ரெப்போ (டெபியன் லினக்ஸுக்கான பேக்கேஜ் எல்லாம் இறக்கிக்குற இடம்) ஓடுது, நாங்க பேட்ச் போட்டு பில்ட் பண்ற பேக்கேஜ் எல்லாம் அதுலதான் போகுது. பைனரிக்கு, அதாவது கம்பைல் பண்ண பேக்கேஜுக்கு, பேக்கேஜஸ்ங்கிற பட்டியல் ஃபைல் போடுறத பத்தி ஊர்ல எல்லாரும் எழுதிட்டாங்க, சோர்ஸ் பக்கம் யாரும் எட்டிப் பாக்குறதே இல்ல. ஆனா ஜிபிஎல் லைசென்ஸ்ல இருக்குற சாஃப்ட்வேர மாத்தி கஸ்டமருக்கு குடுத்தா அவங்களுக்கு சோர்ஸும் கிடைக்க வழி பண்ணணுமே, அது போக சோர்சஸ் இண்டெக்ஸ் (ரெப்போல இருக்குற சோர்ஸ் பேக்கேஜோட பட்டியல்) இல்லாத ரெப்போல ஆப்ட்-கெட் சோர்ஸ்னு கமாண்ட் அடிச்சு சோர்ஸ இறக்குறது எல்லாம் நடக்கவே நடக்காது.

முதல்ல யூஸ் பண்ணது டிபிகேஜி-ஸ்கேன்சோர்சஸ். டிபிகேஜி-டெவ் போட்டா கூடவே வந்துடும், ஒரே வரி கமாண்ட், பேக்கேஜ் ஃபைல் எல்லாம் வைக்குற பூல் ஃபோல்டர காமிச்சா உள்ள கிடக்குற டிஎஸ்சி ஃபைல் (ஒவ்வொரு சோர்ஸ் பேக்கேஜுக்கும் இருக்குற விவர ஃபைல்) எல்லாத்தையும் படிச்சு ஒவ்வொண்ணுக்கும் டைரக்டரி வரிய சேத்து பேர் வரிசையா கொட்டிடும். ஒண்ணு மட்டும், ரெப்போவோட ரூட்ல நின்னு ஓட்டணும், பூலுக்குள்ள போய் ஓட்டுனா டைரக்டரி பாத் மாறிடும், இண்டெக்ஸ் பாக்க நல்லாத்தான் இருக்கும், டவுன்லோட் பண்றப்பதான் 404 அடிக்கும்.

இதுல எனக்கு இருக்குற பெரிய குறையே வேற. இது சோர்ஸ் கோட சுருட்டி வச்ச டார்பால தொடவே தொடாது. டிஎஸ்சி ஃபைலுக்கு மட்டும் தானா செக்சம் போடும், மிச்ச ஃபைலுக்கு டிஎஸ்சிக்குள்ள என்ன எழுதிருக்கோ அத அப்படியே எடுத்து வச்சுக்கும், மூட்டைய பிரிக்காம பில்ல மட்டும் பாத்து சரக்கு எடுத்து வைக்குற மாதிரி. எங்க டீம்ல ஒருத்தர் 1.2-2 ரிவிஷன் போடுறப்ப பழைய ஒரிஜ் டார்பால (எங்க பேட்ச் சேராத மூல கோட்) வச்சு பண்ணாம புதுசா ஒண்ணு சுருட்டிட்டாரு, உள்ள இருக்குற கோட் அதேதான், ஆனா டைம்ஸ்டாம்ப் மாறுனதால ஹாஷ் வேற. ஃபைல் பேரு ரெண்டுக்கும் ஒண்ணுதானே, பூல்ல பழசு மேல புதுசு போய் உக்காந்துருச்சு. இண்டெக்ஸ் எந்த முனகலும் இல்லாம ரெடி ஆயிருச்சு, அப்புறம் 1.2-1 கேட்ட ஆளுக்கு ஹாஷ் சம் மிஸ்மேட்ச். டிஎஸ்சில எழுதிருக்குற செக்சம் ஃபைலோட ஒத்துப்போகுதான்னு பாக்குற, டெவ்ஸ்கிரிப்ட்ஸ்ல இருக்குற டிஎஸ்சிவெரிஃபை மாதிரி எதையாவது முன்னாடியே ஓட்டி வச்சா இந்த தலைவலி இல்ல.

அதுக்கப்புறம் ரெப்போ மேனேஜ் பண்ற ரெப்ரெப்ரோங்கிற டூல் போட்டோம். இந்த விஷயத்துல அது செம கறார், அதே பேர்ல வேற செக்சம்ல ஃபைல் வந்தா உள்ளயே விடாது. ஆனா சோர்ஸ் பேக்கேஜ சேக்குற இன்க்ளூட்-டிஎஸ்சி கமாண்ட் குடுக்குறப்ப செக்‌ஷன் குடுக்கலன்னு அடம் பிடிக்கும், எஸ், பி ஆப்ஷன்ல செக்‌ஷனும் ப்ரையாரிட்டியும் நாமதான் ஊட்டணும். அத விட, அப்ப இருந்த வெர்ஷன்ல ஒரு பேக்கேஜுக்கு ஒரு வெர்ஷன்தான் வைக்க முடியும், எங்களுக்கு பழசும் வேணும், அதனால செட் ஆகல. அதே வேல பண்ற ஆப்ட்லியும் கொஞ்ச நாள் பாத்தேன், ரெப்போவ ஒரு நேரத்துல இருந்த மாதிரியே பிடிச்சு வைக்குற ஸ்னாப்ஷாட் அருமையான விஷயம்தான், எங்க தேவைக்கு கொஞ்சம் பெருசா பட்டுச்சு.

இப்ப ஓடுறது ஆப்ட்-எஃப்டிபிஆர்கைவ், ஆப்ட்-யூட்டில்ஸ்ல வர்றது. கான்ஃபிக் ஃபைல் எழுதுற வரைக்கும் உசுர வாங்கும், மேன் பேஜ் படிச்சா இன்னும் குழப்பம்தான். ஒரு தடவ செட் ஆயிருச்சுன்னா பேக்கேஜஸ், சோர்சஸ், கம்ப்ரஸ் பண்ண காப்பிங்க எல்லாம் ஒரே ஓட்டத்துல வந்துடும், கேஷ் டிபி இருக்குறதால பூல் பெருசானாலும் இழுக்காது. இண்டெக்ஸ் எல்லாத்தோட ஹாஷும் இருக்குற ரிலீஸ் ஃபைல மட்டும் கடைசில தனியா ஜெனரேட் பண்ணி ஜிபிஜில சைன் போட்டு இன்ரிலீஸ் ஆக்குறோம், சைன் போட்டப்புறம் சோர்சஸ்ல ஒரு எழுத்து மாறுனாலும் மறுபடி முதல்லேர்ந்துதான். சர்வர்ல அப்டேட் நடக்குறப்ப நடுவுல ஆப்ட் அப்டேட் அடிக்குறவங்க மாட்டக்கூடாதுன்னு இண்டெக்ஸ் ஃபைல ஹாஷ் பேர்லயே வைக்குற பை-ஹாஷ் ஃபோல்டரும் ஸ்கிரிப்ட்ல சேத்துட்டேன்.

பத்து இருபது பேக்கேஜ்தான், பழைய வெர்ஷன் தேவையில்லன்னா ரெப்ரெப்ரோவே போட்டுக்கோங்க, இவ்ளோ கூத்து வேண்டாம்.