92,000 ரூபாய் போய்விட்டது: ஒன்லைனில் லெப்டொப் வாங்க நினைப்பவர்கள் வாசியுங்கள்

வயிறு எரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். 92,000 ரூபாய். சீட்டு எடுத்த காசு. மகள் உயர்தரத்துக்குத் தகவல் தொழில்நுட்பம் படிக்கிறாள், அவளுக்கு ஒரு லெப்டொப் வாங்கவென்று வைத்திருந்தது. கம்பனிகள் பாவித்த லெப்டொப்களை விற்கும் ஒரு சமூக வலைத்தளப் பக்கம். புறக்கோட்டையில் ஸ்டோர் இருக்கிறது, கடை வாடகை இல்லாதபடியால்தான் விலை குறைவு என்றார்கள்.

நான் வீடியோ கோல் கேட்டேன். உடனே எடுத்தான். லெப்டொப்பைப் போட்டுக் காட்டினான், திருப்பிப் பிடித்து சீரியல் இலக்கத்தை வாசித்தான். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளில் மகளின் பெயரைத் தமிழில் எழுதி, பெட்டியில் டேப் போட்டு ஒட்டி, "அக்கா, இது இனி உங்கட பிள்ளையின்ர சாமான், வேற ஆருக்கும் குடுக்க மாட்டன்" என்றான். பிள்ளையின் பெயரை அந்தப் பெட்டியில் பார்த்த பிறகு எந்தத் தாய்க்குச் சந்தேகம் வரும்? பக்கத்தின் கீழே வேறு, "சாமான் வந்தது, நன்றி அண்ணா" என்று வரிசையாகக் கொமன்ட்.

காசு போட வேண்டிய கணக்கு ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. கேட்டதற்கு, "அம்மாவின்ர எக்கவுண்ட் அக்கா" என்றான். 92,000 ரூபாயும் ஒரே தடவையில் போனது.

பிறகு தொடங்கியது சாட்டு. கூரியர்காரன் வெள்ளவத்தைக்கு வந்துகொண்டிருக்கிறான். மழையாம், வாகனம் நிற்கிறதாம். கடைசியில், இன்சூரன்சுக்கு இன்னும் 8,000 போடுங்கோ, சாமானோடு திருப்பித் தருவோம் என்றான். மாட்டேன் என்றதும் புளொக். பக்கத்தில் போய்க் கேட்டேன், என் கொமன்ட் அழிந்தது. மகளின் போனில் இருந்து கேட்டோம், அதுவும் அழிந்தது.

வங்கியில், "நீங்களே அனுப்பியதுதானே மெடம், மற்றப் பக்கம் சம்மதிக்காமல் எடுக்க முடியாது" என்றார்கள். அந்தக் கணக்கு இருக்கும் வங்கியோ வாடிக்கையாளர் விபரம் தர மாட்டோம், பொலிசுக்குப் போங்கள் என்றது. பொலிசில், தினமும் இப்படித்தான் ஆட்கள் வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே சிங்களத்தில் முறைப்பாட்டை எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வாசித்துக் காட்டக் கேட்டேன். 92,000 என்பது 9,200 ஆகியிருந்தது! திருத்தினால்தான் கையெழுத்து என்று நின்றேன்.

அங்கிருந்தே கணக்குக்காரப் பெண்ணுக்குக் கோல் எடுத்தார்கள். மாதம் கொஞ்சக் காசு தருகிறோம் என்றதற்காகக் கணக்கையும் கார்ட்டையும் யாரோ ஒருவனிடம் கொடுத்து வைத்திருக்கிறாளாம். "நன்றி அண்ணா" போட்ட ஒரு பையனிடமும் கேட்டேன். எழுதச் சொல்லி ரீலோட் போட்டார்களாம், அவன் ஒரு சாமானும் வாங்கவில்லையாம். எனக்கு அந்தக் கள்ளனை விட இவர்கள் மேல்தான் கோபம் கூட. இவர்கள் கணக்கும் கொமன்டும் கொடுக்காவிட்டால் அவனால் ஒரு ரூபாய் எடுக்க முடியுமா? உங்கள் வீட்டில் பெடியன்கள் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள், இப்படி யாருக்காவது கணக்குக் கொடுத்திருக்கிறார்களா, காசுக்குக் கொமன்ட் போடுகிறார்களா என்று. கணக்குக் கொடுத்தவர் வீட்டுக்கும் பொலிஸ் வரும்.

என்ன செய்ய வேண்டும் என்று விபரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. சாமானைக் கையில் வாங்கிப் பார்க்காமல் காசு போடாதீர்கள். கடைப் பெயரில் இல்லாத கணக்குக்குப் போடவே வேண்டாம். பக்கத்தின் பழைய பெயர்களைப் பாருங்கள், இது முன்பு உடுப்பு விற்ற பக்கம். காசு போய்விட்டால் அந்த நிமிடமே வங்கிக்கு எடுத்து, வாங்கிய கணக்கை நிறுத்தி வைக்கக் கேளுங்கள். சிலிப், வொய்ஸ், சற் எதையும் அழிக்க வேண்டாம். இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் அரச நிறுவனமான ஸ்ரீலங்கா சேர்ட்டுக்கு (CERT) 101, நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கங்களுக்குக் கோல் எடுங்கள். ஏமாற்றுவது தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றம், சிவில் வழக்குப் போடுங்கள் என்று பொலிசில் சொன்னால் எழும்பி வராதீர்கள்.

பெட்டியில் பெயர் ஒட்டிக் காட்டி வேறு யாரிடமாவது காசு வாங்கியிருந்தால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் பிரிவுக்குப் போகப் போகிறேன், சிலிப்புகளைச் சேர்த்தே கொடுப்போம்.