பிவி = என்ஆர்டி போதுமா, வாண்டர் வால்ஸ் வேண்டுமா?

வாயுக் கணக்கு என்றதும் பலருக்கு வரும் குழப்பம் இது. பிவி = என்ஆர்டி (அழுத்தம் × கனஅளவு = மோல் எண்ணிக்கை × வாயு மாறிலி × வெப்பநிலை) என்பது நல்லியல்பு வாயுச் சமன்பாடு; வாண்டர் வால்ஸ் சமன்பாடு அதைத் திருத்தியது. ஒரே கணக்கை இரண்டிலும் போட்டுப் பார்த்துவிடலாம்: 1 மோல் கார்பன் டை ஆக்சைடு, 300 கெல்வின், 1 லிட்டர் கலன். (300 கெல்வின் என்பது 27 டிகிரி செல்சியஸ்; அந்த 27-ஐ அப்படியே போட்டுவிடாதீர்கள். பாதிப் பிழைகள் அங்கேதான்.)

நல்லியல்பு வாயு: 24.9 பார்.
வாண்டர் வால்ஸ்: 22.4 பார்.

உண்மையான அழுத்தம் 22-ஐ ஒட்டியே இருக்கும். முதல் சமன்பாடு மூலக்கூறுகளைப் புள்ளிகளாக நினைக்கிறது. 1873-இல் வாண்டர் வால்ஸ் இரண்டு திருத்தம் செய்தார்: மூலக்கூறுகள் அடைக்கும் இடத்தைக் கனஅளவில் கழித்தார், அவை ஒன்றையொன்று இழுப்பதால் குறையும் அழுத்தத்தையும் சேர்த்துக்கொண்டார். நம் கலனில் அந்த இழுவை மட்டும் 3.6 பார்!

அதே வாயுவை 25 லிட்டரில் விட்டால் வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை.

உழைப்பு?
நல்லியல்பு: ஒரே வரி, எல்லா வாயுவுக்கும் ஒரே மாறிலி.
வாண்டர் வால்ஸ்: வாயுவுக்கு வாயு இரண்டு மாறிலிகள் தேட வேண்டும். கனஅளவைக் கேட்டால் முப்படிச் சமன்பாடு, கையால் தீர்ப்பது தலைவலி.

சரி, எதை எடுப்பது? பலூன், அறைக் காற்று, ஆய்வக வாயு என்றால் முதலாவது. அழுத்தி அடைத்த சிலிண்டர் என்றால் இரண்டாவது. வாயு திரவமாகும் நிலையை நெருங்கினால் வாண்டர் வால்ஸும் தடுமாறும். அங்கே பொறியாளர்கள் பெங்-ராபின்சன் என்ற இன்னொரு சமன்பாட்டின் பக்கம் போய்விடுவார்கள்.