பகல் சிஸ்டருக்கு நாலரை ஸ்டார், நைட் அட்டெண்டருக்கு ஒண்ணே ஒண்ணு

மதுரைல ஹோம் நர்சிங்குக்கு ஆள் தேடுறவங்களுக்காக எழுதுறேன். ஏஜென்சி பேர போடல, ஏன்னா ஒரே ஏஜென்சிலதான் எங்களுக்கு தங்கமான ஆளும் வந்தாங்க, தலைவலியும் வந்துச்சு.

எங்க மாமனாருக்கு 78 வயசு, பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. அல்சைமர்ங்கிற மறதி நோய், கூடவே பதட்டம், ராத்திரி தூக்கம் சுத்தமா கிடையாது. பகல் பூரா சேர்லயே தூங்கி வழிவாரு, சாயங்காலம் ஆறு மணி ஆச்சுன்னா சட்டைய மாட்டிக்கிட்டு "டிப்போவுக்கு நேரமாச்சு, கதவ தொற"ன்னு ஆரம்பிச்சுருவாரு. பொழுது சாயுற நேரத்துல இப்படி குழப்பமும் பதட்டமும் அதிகமாகுறதுக்கு சன்டவுனிங்னு பேரு, டிமென்ஷியா, அதாவது மறதி நோய் இருக்கறவங்கள்ல நிறைய பேருக்கு வர்றதுதானாம்.

பகலுக்கு வந்தவங்க ஜிஎன்எம்ங்கிற நர்சிங் டிப்ளமா படிச்ச சிஸ்டர், மார்த்தாண்டம் பக்கத்துக்காரங்க. வந்ததும் மாத்திரை டப்பாவத்தான் கேட்டாங்க. மறதிக்கு போடுற டோனெபெசில் மாத்திரைய எப்ப குடுக்கிறீங்கன்னாங்க, ராத்திரின்னோம், சில பேருக்கு அது தூக்கத்த கெடுக்கும், கெட்ட கனவா வரும், காலைக்கு மாத்தலாமான்னு டாக்டர்ட்ட கேட்டுப் பாருங்கன்னாங்க. அவங்களா மாத்தல பாருங்க, அதுதான் எனக்குப் பிடிச்சுது. டாக்டரும் சரின்னுட்டாரு.

அப்புறம் காலைல வெயில்ல வாசல்ல உக்கார வைக்கிறது, தெரு முனை வரைக்கும் நடை, மத்தியானம் அரை மணி நேரத்துக்கு மேல தூங்க விடாம பேச்சு குடுக்கிறது, மூணு மணிக்கு மேல காபி டீ கிடையாதுன்னு ஒரு ஒழுங்கு கொண்டு வந்தாங்க. டிப்போ பேச்சு வந்தா நாங்கல்லாம் "நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்க மாமா"ன்னு சொல்லிச் சொல்லியே அவருக்கு ஆத்திரத்த கூட்டிட்டு இருந்தோம், சிஸ்டர் என்னன்னா "வண்டி லேட்டாம்ப்பா, அதுக்குள்ள கலெக்‌ஷன எண்ணி வச்சிருவோமா"ன்னு ஒரு கிண்ணம் சில்லறைய முன்னாடி வச்சாங்க. மனுஷன் ஒரு ரூபா, ரெண்டு ரூபா, அஞ்சு ரூபான்னு தனித்தனியா அடுக்கி அடுக்கி எட்டு மணி வரைக்கும் அசையல, எண்ணிக்கை தப்பாத்தான் சொன்னாரு, யாரும் திருத்தல. ராத்திரி தூக்கமும் கொஞ்சம் கொஞ்சமா நீண்டுச்சு, இப்ப நாலஞ்சு மணி நேரம் சேந்தாப்ல தூங்குறாரு.

இன்னொரு நாள் காலைல திடீர்னு ஆள் யாருன்னே தெரியாம உளறுனாரு. நோய் முத்திருச்சுன்னு நாங்க அழுதுட்டு இருக்கோம், இவங்க, மறதி ஒரே ராத்திரில இப்படி அதிகமாகாது, முதல்ல யூரின் டெஸ்ட் பாருங்கன்னாங்க. பாத்தா இன்ஃபெக்‌ஷன். ஆன்டிபயாடிக் போட்டதும் தெளிஞ்சு பழையபடி ஆயிட்டாரு. வயசானவங்களுக்கு காய்ச்சலே இல்லாம குழப்பமா மட்டும் காட்டுமாம், இத எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கணும்.

இப்ப நைட் ஷிப்ட். நர்ஸ்னு சொல்லி அட்டெண்டர அனுப்புனாங்க, அதுவும் வாரத்துக்கு ஒரு புது முகம். மறதி உள்ளவருக்கு நடு ராத்திரி கண்ண முழிச்சா பக்கத்துல தெரியாத ஆள் உக்காந்திருந்தா எப்படி இருக்கும், திருடன் திருடன்னு கத்தாம என்ன செய்வாரு? அதுல ஒருத்தரு வந்ததுல இருந்து மாமா நல்லா தூங்குறாரேன்னு சந்தோஷப்பட்டோம், ஆனா காலைல வாய் வறண்டு, நாக்கு குழறி, நடையும் தள்ளாட்டம். சிஸ்டர்தான் குப்பைக்கூடைல அவில் அட்டைய பாத்து எடுத்தாங்க. சளிக்கு அலர்ஜிக்கு போடுற மாத்திரைய, தூக்கம் வரும்னு யாரையும் கேக்காம குடுத்திருக்காரு. டோனெபெசில் மூளைல அசிட்டைல்கோலின் குறையாம பாத்துக்கிற மருந்து, அவில் அதே அசிட்டைல்கோலின் வேலைய தடுக்கிற மருந்து, ரெண்டையும் ஒண்ணா குடுத்தா என்ன பிரயோஜனம்? விழுந்து இடுப்பெலும்பு உடையாம தப்பிச்சது எங்க நல்ல நேரம். ஏஜென்சிக்கு போன் பண்ணா "எல்லா வீட்லயும் குடுக்கிறதுதான் மேடம்"னு பதில் வருது. கடுப்பாயிருச்சு.

ரேட்டு, சிஸ்டருக்கு 12 மணி நேர ஷிப்டுக்கு 1,300, அட்டெண்டருக்கு 850. ராத்திரிதான தொந்தரவு, ராத்திரிக்கு மட்டும் ஆள் போட்டா போதும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, என்னைக் கேட்டா அந்தக் காச பகலுக்கு போடுங்கன்னுதான் சொல்வேன், ராத்திரி தூக்கம் பகல்லதான் இருக்கு. நாங்க நைட் ஆள நிறுத்திட்டோம், வீட்டுக்காரரும் கொழுந்தனும் மாத்தி மாத்தி அவர் பக்கத்துல படுக்கிறாங்க, வாசக்கதவுல ஒரு மணி, பாத்ரூம் போற வழில சின்ன லைட்டு. கட்டிலுக்கு சைடு ரெயில் வாடகைக்கு தர்றேன்னாங்க, சிஸ்டர் வேணாம்னுட்டாங்க, குழப்பத்துல இருக்கறவங்க அதுமேல ஏறி தாண்டப் பாத்து இன்னும் உயரத்துல இருந்து விழுவாங்களாம்.

ஆள் எடுக்கும்போது நர்ஸ்னு சொன்னா தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர கேளுங்க, ஜிஎன்எம் 3 வருஷம் ஏஎன்எம் 2 வருஷம் படிப்பு, அட்டெண்டருக்கு அதெல்லாம் இல்ல, பில்லுல மட்டும் எல்லாரும் நர்ஸ். ஒரே ஆள்தான் தொடர்ந்து வரணும், டாக்டர் சீட்டுல இல்லாத மாத்திரை குடுக்கக் கூடாது, இத ரெண்டையும் எழுதி வாங்குங்க. பாத்துக்கிற நமக்கே முடியலன்னா டெலி மானஸ்ங்கிற அரசாங்க மனநல ஹெல்ப்லைன் 14416, ராத்திரியும் எடுப்பாங்க, முதியோர் ஹெல்ப்லைன் 14567ம் இருக்கு.

நைட் ஷிப்டுக்கு கட்டுன அட்வான்ஸ் இன்னும் திரும்பி வரல, கேட்டா மேனேஜர் வெளியூராம்.