ஐ.நா. கூட்டுத் திட்டமா, ஐரோப்பிய ஒன்றிய அழைப்பா? தவணையைப் பார்த்துத் தீர்மானியுங்கள்

திருகோணமலையில் வேலை செய்யும் மாவட்ட மட்ட அமைப்பு ஒன்றுக்குப் பெரிய வெளிநாட்டு நிதி பெரும்பாலும் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, ஐ.நா. முகவரமைப்புகள் சேர்ந்து நடத்தும் கூட்டு நிகழ்ச்சித்திட்டத்தில், களத்தில் வேலையைச் செய்து கொடுக்கும் அமுலாக்கற் பங்காளியாவது. மற்றது, ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்மொழிவு அழைப்புக்குப் பெரிய நிறுவனம் ஒன்றின் தலைமையில் இணை விண்ணப்பதாரராகப் போவது. நாங்கள் தெரிந்தெடுத்தது இரண்டாவது வழி. கடலையும் மழையையும் நம்பிய வேலைக்கு அதுவே தோது.

இரண்டுக்கும் பொதுவானதை முதலில் முடித்துவிடலாம். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டப்படி பதிவு, கணக்காய்வு செய்த அறிக்கைகள், தனியான வங்கிக் கணக்கு, மாவட்டச் செயலகத்தின் இணக்கம் ஆகியவை இல்லாமல் எந்தப் பக்கமும் அசையாது.

தெரிவு நடக்கும் விதத்தில் பெரிய வேறுபாடு உண்டு. ஐ.நா. கூட்டுத் திட்டம் எங்கள் மேசைக்கு வரும்போது அதன் எலும்புக்கூடு முடிந்திருக்கும். இலங்கை அரசும் ஐ.நா.வும் இணங்கிய 2023–2027 ஒத்துழைப்புச் சட்டகத்துக்குப் பொருந்துகிறதா, எந்த முகவரமைப்புக்கு எவ்வளவு பங்கு என்பதெல்லாம் கொழும்பிலும் நியூயோர்க்கிலும் பேசி முடித்த பிறகுதான் பங்காளி தேடுவார்கள். எங்களை அளப்பது கொள்ளளவு மதிப்பீடு: நிதி நிர்வாகம், கொள்வனவு முறை, பாலியல் சுரண்டலைத் தடுக்கும் ஏற்பாடு.

ஐரோப்பிய அழைப்பில் எழுதுவது நீங்கள். இரு கட்ட அழைப்பென்றால் முதலில் திட்டத்தைச் சுருக்கிச் சொல்லும் கருத்துக் குறிப்பு; அதற்கு 50 புள்ளி, 30 எடுக்காவிட்டால் அங்கேயே நின்றுவிடும். முழு விண்ணப்பத்துக்கு 100 புள்ளி. அதில் நிதி, செயற்பாட்டு ஆற்றலுக்குரிய 20இல் 12க்குக் கீழே விழுந்தால் மற்றப் பகுதிகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. மூதூரின் களப்பு வேலையையோ குச்சவெளியின் கருவாட்டு வேலையையோ எங்கள் சொற்களில் எழுதலாம் என்பது பெரிய ஆறுதல்.

ஆனால் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது எழுத்தல்ல, பணம் வந்துசேரும் தவணை.

இந்தக் கரையில் கடல் அமைதியாக இருப்பது ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை. வாடை தொடங்கினால் சிறு வள்ளங்கள் கரையேறும், கருவாடு காயாது, வீதிகளும் கெடும். ஆகவே இயந்திரம் திருத்துவது, வலை வாங்குவது, காயவைக்கும் தட்டு அடிப்பது எல்லாம் மார்ச்சுக்குள் முடிய வேண்டும். பெரும்போக விதைப்புக்கோ செப்டெம்பரிலேயே காசு கையில் இருக்க வேண்டும்.

ஐ.நா. முகவரமைப்புகள் பெரும்பாலும் காலாண்டு முற்பணம் தருகின்றன. ஃபேஸ் (FACE) என்ற படிவத்தில் கேட்டு, அதே படிவத்தில் கணக்கு ஒப்படைக்க வேண்டும். யூ.என்.டி.பி. (ஐ.நா. அபிவிருத்தித் திட்டம்) நடைமுறையில் முந்திய முற்பணத்தின் 80 வீதத்துக்குக் கணக்குக் காட்டினால்தான் அடுத்தது கிடைக்கும். இது எங்கே முறிகிறது என்று பாருங்கள். ஆண்டு வேலைத்திட்டம் பெப்ரவரியில் ஒப்பமாகி, முற்பணம் மார்ச்சில் வருகிறது என்று வையுங்கள். மூன்று விலைமனு, மதிப்பீட்டுக் குழு, கட்டளை, விநியோகம் என்று ஐந்தாறு கிழமை போகும். காலாண்டு முடியும்போது பொருள் வந்திராது. பொருள் வராமல் கணக்கில் செலவு ஏறாது. 80 வீதம் தொடாது. அடுத்த முற்பணமும் தள்ளிப்போகும். மே மாதம் தட்டு வந்தால் பருவத்தின் முதற்பகுதி போய்விட்டது.

மேல்மட்டத்திலும் இதே பூட்டு உண்டு. ஐ.நா.வின் சமாதானத்தைக் கட்டியெழுப்பும் நிதியத்திலிருந்து முகவரமைப்புகளுக்கு இரண்டாம் தவணை வர, முதல் தவணையில் 75 வீதம் செலவாகியோ ஒப்பந்தமாகியோ இருக்க வேண்டும். அதைக் கூட்டாகத்தான் பார்ப்பார்கள். ஒரு முகவரமைப்பு பின்தங்கினால், வேலையை முடித்த மற்றதின் பங்காளியும் காத்திருக்க வேண்டியதுதான்.

ஐரோப்பிய மானியத்தில், 12 மாதத்துக்கு மேற்பட்டு 100,000 யூரோவுக்கும் மேற்பட்டதென்றால், முதல் அறிக்கைக் காலத்துக்கு (வழமையில் ஓர் ஆண்டு) பாதீட்டில் ஒன்றியம் தரும் பங்கு முழுவதும் முற்பணமாக வருகிறது. ஆண்டு முடிவில் அதன் 70 வீதத்துக்குக் குறைவாகச் செலவாகியிருந்தால், அந்த 70 வீதத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதை அடுத்த தவணையிலிருந்து கழிப்பார்கள், தவணையே நின்றுபோவதில்லை. தொடக்கத் திகதியையும் ஒப்பந்தத்தில் குறிக்கலாம். எங்கள் பரிந்துரை ஒக்டோபர் அல்லது நவம்பர்: மழையில் பயிற்சியும் பயனாளர் தெரிவும், டிசெம்பர், ஜனவரியில் கொள்வனவு, ஏப்ரலில் கடல்.

இதிலும் வலி உண்டு. முற்பணங்கள் மொத்த மானியத்தில் 90 வீதத்தைத் தாண்டா. உங்கள் பங்கு 150,000 யூரோ என்றால், தலைமை நிறுவனம் அதே விகிதத்தில் பிடித்துவைக்கும்போது 15,000 யூரோவை முன்கூட்டியே செலவழித்து, இறுதி அறிக்கை ஏற்கப்படும்வரை பொறுத்திருக்க வேண்டும். இணைநிதியும், அதாவது திட்டச் செலவில் ஒன்றியம் தராத பங்கையும், கொண்டுவர வேண்டும். அழைப்பில் வெளிப்படையாக அனுமதித்தாலன்றிச் சிரமதான உழைப்பும் இலவசக் காணியும் அதில் சேரா. 18 வீத வற் வரியை மானியத்தில் ஏற்பார்களா என்பது அழைப்புக்கு அழைப்பு மாறும். பாதீடு போடுமுன் வாசியுங்கள். நிர்வாகச் செலவு நேரடிச் செலவின் 7 வீதத்துக்குள் அடங்க வேண்டும், அதையும் தலைமையோடு பங்கிட வேண்டும்.

ஐ.நா. கூட்டு நிதியத்தில், பணத்தைப் பெற்றுப் பகிரும் நிர்வாக முகவர் 1 வீதமும், ஒவ்வொரு முகவரமைப்பும் தன் வேலைச் செலவின் மேல் 7 வீதமும் எடுக்கும். 100 டொலரில் ஏறக்குறைய 92.50 வேலைக்கு மிஞ்சும், அதற்குப் பிறகுதான் எங்கள் பங்கு. எனினும் பங்காளியிடம் இணைநிதி பெரிதாகக் கேட்பதில்லை, அவசரத்தில் விரைவாகவும் நகர்வார்கள். கையிருப்பு இல்லாத புதிய அமைப்புக்கு அந்த வழி பாதுகாப்பானது. பயிற்சி, விழிப்பூட்டல், இளைஞர் கலந்துரையாடல் போன்ற பருவம் பாராத வேலையிலும் காலாண்டு முற்பணம் பெரிதாக இடிக்காது. எங்கள் கணிப்பு பெரும்பாலும் பொருள் வாங்கும் திட்டங்களிலிருந்து வந்தது. சேவை வேலை மட்டும் செய்வோருக்கு வேறாக அமையலாம்.

ஒரே கட்டடம், ஒரே குளிரூட்டி என்றால் இரண்டையும் விட்டு ஜப்பானியத் தூதரகத்தின் அடிமட்ட மானியத்தைப் பாருங்கள். சம்பளமும் நடைமுறைச் செலவும் அதில் கிடையா.

இணை விண்ணப்பதாரராகப் போகிறவர்கள் ஒப்பமிடுமுன் தலைமை நிறுவனத்தோடு செய்யும் பங்காளர் உடன்படிக்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒன்றியத்திடம் ஆண்டு முற்பணம் வாங்கும் தலைமை உங்களுக்குக் காலாண்டாகப் பிரித்துத் தந்தால், மேலே சொன்ன நன்மை முழுவதும் கொழும்பிலேயே நின்றுவிடும். மூன்று வாசகங்களை எழுத்தில் கேளுங்கள்: ஒன்றியத்தின் பணம் தலைமைக்கு வந்து 15 நாளுக்குள் உங்கள் பங்கு வர வேண்டும், முதற்தவணையில் கொள்வனவுப் பாதீடு முழுவதும் அடங்க வேண்டும், பிடித்துவைக்கும் 10 வீதத்தில் பாதியையாவது தலைமை தன் கையிருப்பிலிருந்து தாங்க வேண்டும். மூன்றாவதற்குப் பலர் மறுப்பார்கள். முதல் இரண்டுக்கும் மறுத்தால் வேறு தலைமை தேடுங்கள்.