இரும்புச்சத்து சிரப்பா, கம்பங்களியா?

காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கிராமங்களில் சின்னக் குழந்தை வெளுத்துத் தெரிந்தால் வரும் குழப்பம் இது. சிரப் கொடுப்பதா, கம்பும் முருங்கைக்கீரையும் போதுமா?

செலவு: சிரப் அரசு சுகாதார நிலையத்தில் இலவசம். முருங்கை வேலியோரமே நிற்கிறது. இதில் பெரிய வித்தியாசமில்லை.

சத்து: தடுப்புக்கு 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இருமுறை 1 மில்லி சிரப், ஒவ்வொரு முறையும் 20 மில்லிகிராம் இரும்பு. 100 கிராம் கம்பிலேயே சுமார் 6 மில்லிகிராம்தான். அதிலும் கொஞ்சம்தான் உடலில் சேரும். ரெண்டு வாய்க் களி தின்னும் குழந்தைக்கு என்ன போய்ச் சேரும்? ஆட்டு ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்) பரவாயில்லை, அந்த இரும்பு எளிதில் சேரும்.

சிரமம்: சிரப் கொடுத்தால் மலம் கறுக்கும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறார்கள், பயமே வேண்டாம். களிக்கு அந்தத் தொல்லை இல்லை, ஊட்டுவதற்குத்தான் பொறுமை வேண்டும்.

நிஜ வில்லன் பால் என்பேன். அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) பாசமாக டம்ளர் டம்ளராகக் கொடுப்பார். வயிறு நிறையும், இரும்பு அதில் மிகக் குறைவு. பிஸ்கட்டை டீயில் நனைத்து ஊட்டுவது இன்னும் மோசம். டீ இரும்பைச் சேரவிடாது.

சரி, எது யாருக்கு? இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றால் சிரப்தான், அளவை டாக்டர் சொல்லட்டும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தால் வீட்டுச் சாப்பாடும் வாரம் இருமுறை கொடுக்கும் அந்தத் தடுப்பு சிரப்பும் போதும். கீரையில் எலுமிச்சை பிழிந்து கொடுங்கள்.